உப்புப் பூத்த சட்டை

வன்னிப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சில நாட்கள் முன்பே மரதன் ஓட்டம் நடந்து முடிந்துவிடும். ஒலிம்பிக்கின் 42.195 கிலோமீற்றர் அல்ல, ஊரைச் சுற்றி ஐந்தோ பத்தோ கிலோமீற்றர்தான். ஆனாலும் எங்களுக்கு அதுதான் மரதன். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு பிள்ளை முதன்முறையாக நெடுந்தூரம் ஓடுவது பெரும்பாலும் அந்தக் காலையில்தான். படலையடியில் நின்று பார்ப்பவர்களின் கண்கள் கால்களிலேயே இருக்கும். அந்த ஓட்டத்தின் பெரிய வேலையைச் செய்துகொண்டிருப்பதோ தோல்.

ஓடும்போது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகலோரி செலவாகிறது. 50 கிலோ எடையுள்ள மாணவி 10 கிலோமீற்றர் ஓடினால் 500 கிலோகலோரி. அதில் கால்வாசிக்கு மேல் ஓட்டமாக மாறுவதில்லை. மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பம் வெளியேற வழியே இல்லாமல் உள்ளேயே தங்கினால் அவளுடைய உடல் ஏறத்தாழ 9 பாகை செல்சியஸ் சூடேறும். 37இல் புறப்பட்டவள் 46இல் வந்து சேரவேண்டும். அந்த வெப்பத்தில் உயிர் தப்புவது மிக மிக அரிது. அவளோ வந்து சேர்ந்து, தோடம்பழச் சுளையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

அவளைக் காப்பாற்றியது முக்கால் லீற்றருக்கும் குறைவான தண்ணீர். ஒரு லீற்றர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மனிதத் தோலில் இருபது முதல் நாற்பது இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். மாரி நாட்களில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிர்வதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பானையின் ஈரம் போக இடமில்லை. ஓடுபவரின் நிலையும் அதுதான். நாடியிலிருந்து சொட்டி வீதியில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அது வெறும் இழப்பு. ஆவியாகும் துளிக்குத்தான் பயன்.

இதனால்தான் வன்னிக்குள்ளேயே ஓட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது. முல்லைத்தீவுக் கடற்கரையோரம் ஓடுகிறவருக்கு வியர்வை வழியும், காயாது. சோளகம் வீசும் மாதங்களில் கிளிநொச்சி வயல்வெளியில் ஓடுகிறவருக்கோ வியர்த்ததே தெரியாது. காற்று அதை உடனுக்குடன் கொண்டுபோய்விடும். தோல் காய்ந்திருக்கிறதே என்று தண்ணீரை மறந்துவிடுவதுதான் அங்கே ஆபத்து.

விலங்குகளில் இப்படி வியர்த்து ஓடக்கூடியவை மிகக் குறைவு. குதிரைக்கு வியர்க்கும். நாய் இளைத்துத்தான் வெப்பத்தை வெளியேற்றுகிறது, பாய்ந்து ஓடும்போது அந்த இளைப்பு சரிவராது. வேகத்தில் மான் எங்களை நொடியில் வென்றுவிடும். ஆனால் நண்பகல் வெயிலில் மணிக்கணக்கில் துரத்தினால் மான்தான் முதலில் விழும். ஆபிரிக்காவின் கலகாரியில் சான் வேடர்கள் அப்படித் துரத்தியே வேட்டையாடியிருக்கிறார்கள். மனித உடல் நெடுந்தூர ஓட்டத்துக்காகவே செதுக்கப்பட்டது என்று டெனிஸ் பிராம்பிளும் டானியல் லீபர்மனும் 2004இல் ‘நேச்சர்’ இதழில் வாதிட்டார்கள். குதிகாலின் நீண்ட தசைநாண், ஓடும்போது தலை ஆடாமல் பிடிக்கும் பிடரி நார், உரோமம் குறைந்த தோல் எல்லாம் அவர்கள் காட்டிய சான்றுகள். வாதம் இன்னும் முடியவில்லை. தோலைப் பற்றிய பகுதியை மட்டும் நான் முழுதாக நம்புகிறேன்.

என்னை எல்லாவற்றையும் விட வியக்கவைப்பது இந்தத் தோல் பழகும் விதம். கால் தசை பலப்பட மாதங்கள் வேண்டும். வெயிலுக்கு உடல் பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் போதும். தினமும் ஒரு மணி நேரமளவு வெயிலில் மெல்ல ஓடினால், முதல் சில நாட்களுக்குள்ளேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் அனுப்பித் திணறிய இதயம் ஆறுதலடைகிறது. பிறகு வியர்வை முந்திச் சுரக்கிறது, கூடுதலாகவும் சுரக்கிறது. அதேவேளை சுரப்பிகள் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளவும் பழகுகின்றன. ஆனால் ஓட்டத்தை நிறுத்தினால் சில வாரங்களில் இந்தப் பழக்கம் கரைந்துவிடும்.

எங்கள் பாடசாலை மரதன் வருவதோ மாரி முடிந்த கையோடு. தை மாதப் பனியில் நடந்தால் பரவாயில்லை. தவணை பிந்திப் பங்குனிக்குத் தள்ளிப்போனால், வாடைக் குளிரில் இருந்துவந்த உடல்கள் பழகாத வெயிலுக்குள் இறக்கிவிடப்படுகின்றன. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். மரதனை நிறுத்தவேண்டும் என்று அதற்காக நான் சொல்லமாட்டேன். விடியப்புறமே தொடங்குங்கள், இரண்டு வாரம் முன்பே பிள்ளைகளை மெல்ல ஓடவிடுங்கள் என்பேன்.

ஓடுகிற பிள்ளை தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது வெறும் களைப்பில்லை. அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் அந்த இடத்திலேயே, கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமர்த்தவேண்டும். தலை தண்ணீருக்குள் போகாமல் ஒருவர் பிடித்திருக்கவேண்டும். உடலின் வெப்பத்தை இறக்குவது முதல் வேலை, வாகனத்தில் ஏற்றுவது அதற்கடுத்தது. ஓட்டம் முடியும் இடத்தில் ஒரு பெரிய தொட்டியும் கிணற்றுத் தண்ணீரும் தயாராக இருக்கட்டும். மீன் வாடிகளில் ஐஸ் கிடைக்கும் ஊர்களில் இரண்டு பெட்டி வாங்கி வைப்பது பெரிய செலவில்லை.

தண்ணீர் குடிப்பதிலும் அளவு உண்டு. 2002 பொஸ்ரன் மரதனில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 வீதமானோருக்குச் சோடியம் இயல்பான அளவை விடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடுமளவுக்குக் குடித்தவர்களே அதில் அதிகம் மாட்டினார்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும். ஓடி முடிந்தபின் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோ கஞ்சியோ இழந்ததைத் திருப்பித் தரும்.

வயது கூடக்கூட ஒவ்வொரு சுரப்பியும் தரும் வியர்வை குறைகிறது. இருந்தாலும் தொடர்ந்து ஓடும் உடல் அந்தத் திறனில் பெரும்பங்கைக் காப்பாற்றிக்கொள்ளும். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி எழுபதைக் கடந்த வயதில், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1500 மீற்றர் ஓடித் தங்கம் வென்றார். பிலிப்பைன்ஸும் வெக்கையான நாடுதான்.

முதன்முறை ஓடப்போகிறவர்கள் ஒன்று செய்துபாருங்கள். முதல்நாள் ஓடிவந்த கறுப்புச் சட்டையைத் தோய்க்காமல் கொடியில் காயப்போடுங்கள். முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பிறகு அதைத் தோய்த்து வையுங்கள், தினமும் ஓடுங்கள். பன்னிரண்டாம் நாள் அதே சட்டையோடு அதே வீதியில், அதே தூரம் ஓடிவந்து மீண்டும் காயப்போடுங்கள். கூடுதலாக வியர்த்திருப்பீர்கள். உப்புக் கோடு மங்கியிருக்கும்.