மறுபடியும் கச்சேரியா? காதைக் கேட்டுட்டுப் போங்க!

ஒரே சினிமாவைத் தியேட்டரில் நாலு தடவை பார்த்த அப்பாக்கள்தான், மகன் ஒரே ராக் குழுவின் கச்சேரிக்கு மூன்றாவது முறை கிளம்பினால், "அதான் போன வருஷமே பாத்தாச்சே, மறுக்கா எதுக்குடா?" என்று கோபித்துக்கொள்கிறார்கள். இந்த விஷயத்தில் நான் மகன் கட்சி. செல்போனில் கேட்கிற பாட்டு என்றைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேடையில் அப்படியில்லை. அதே பாட்டைப் போன தடவை மூணு நிமிஷத்தில் முடித்தவர்கள், இந்தத் தடவை பத்து நிமிஷம் இழுத்து வாசிப்பார்கள். சுற்றி நிற்கிற ஆயிரக்கணக்கான பேர் கூடவே பாடுவார்கள். தேர்த் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஒரே நாதஸ்வர வித்வானைக் கேட்கப் போன தாத்தாவுக்கு இது சட்டென்று புரியும்.

இரண்டாவது முறை பார்க்கும் வாய்ப்பும் அடிக்கடி வாய்க்கிற விஷயமல்ல. அயர்ன் மெய்டன் குழு 2007 மார்ச்சில் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தது. 2009 பிப்ரவரியில் அதே மைதானத்துக்குத் திரும்பி வந்தது. கோல்ட்ப்ளே 2016 நவம்பரில் மும்பைக்கு வந்து போனபின், 2025 ஜனவரியில்தான் மறுபடி வந்தது. அப்போது மும்பையில் மூன்று நாள், அகமதாபாத்தில் இரண்டு நாள். ரசிகன் ஓடத்தான் செய்வான். போகட்டும்.

ஆனால் திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குக் காது விஷயத்தில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. இங்கே நல்லூரில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். நிட்டிங்கில் வேலை செய்யும் ஒரு இளைஞர் வந்தார். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர். தனக்குப் பிடித்த குழுவை நாலாவது தடவை பார்த்துவிட்டு, ராத்திரி பஸ் பிடித்து, திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மிஷின் முன்னால் நின்றிருக்கிறார். "மூணு தடவையும் ரெண்டு நாள்ல சரியாப் போச்சுங்க டாக்டர். இந்தத் தடவை பத்து நாளாச்சுங்க. ராத்திரி படுத்தா காதுக்குள்ள மிஷின் ஓடற மாதிரியே இருக்குதுங்க" என்றார். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பி ஆடியோகிராம் எடுக்கச் சொன்னேன். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. அதிகச் சத்தம் விட்டுப்போகும் கைரேகை அது.

'ரெண்டு நாள்ல சரியாப் போச்சு' என்கிற அந்த வார்த்தையைத்தான் நீங்கள் நம்பக் கூடாது.

உட்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு பகுதி உண்டு. அதற்குள், நுனியில் மெல்லிய முடி போன்ற இழைகள் கொண்ட செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. சத்தத்தை நரம்புக்குச் சொல்வது இவைதான். அளவு மீறிய சத்தத்தில் இவை துவண்டுபோகும். ஓய்வு கொடுத்தால் நிமிரும். அடிக்கடி அடித்தால் செத்துவிடும், திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும்! பல்லடம் கோழிக்குக் கிடைத்த வரம் நமக்குக் கிடைக்கவில்லை. இது போதாதென்று, 2009-ல் அமெரிக்காவில் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்று இன்னொரு விஷயத்தையும் காட்டியது. கேட்கும் திறன் பழையபடி வந்துவிட்ட பிறகும், அந்தச் செல்களுக்கும் நரம்புக்கும் நடுவே இருந்த இணைப்புகள் பல அறுந்துபோயிருந்தன. ஆக, முதல் கச்சேரியின் இரைச்சல் நின்றது என்பதால் நஷ்டமே இல்லை என்று அர்த்தமில்லை.

கணக்கையும் பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வாரத்துக்கு இருபது நிமிஷம்தான். அந்தச் சத்தத்தில் இரண்டு மணி நேரக் கச்சேரி என்றால், ஐந்தாறு வாரத்துப் பங்கை ஒரே ராத்திரியில் செலவழித்தாயிற்று. கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிற தறிக்கூடத்திலோ நிட்டிங் கூடத்திலோ வேலை பார்ப்பவருக்கு அந்தப் பங்கு ஏற்கெனவே காலி. ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்யும் அவருடைய நண்பனுக்கு ஒன்றும் ஆகாததை வைத்துத் தன் காதை எடை போடக் கூடாது.

மேடையில் நிற்பவர்களே தப்பவில்லை. கோல்ட்ப்ளேயின் கிறிஸ் மார்ட்டின் தனக்குக் காது இரைச்சல் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். ஏசி/டிசி குழுவின் பிரையன் ஜான்சன், முழுச் செவிடாகும் ஆபத்து இருக்கிறது என்று டாக்டர்கள் எச்சரித்ததால் 2016-ல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார்.

"சித்த மருத்துவத்தில் இதுக்கு ஏதாச்சும் தைலம்?" என்று கேட்பீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன், செத்த செல்லை எழுப்பும் தைலம் எங்களிடம் இல்லை, யாரிடமும் இல்லை. நல்லெண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடுவதையும் நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது வேறு வினையாகிவிடும். எங்கள் நூல்கள் சொல்லும் ஒன்று இங்கே உதவும். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் தூக்கம், தாகம், சிறுநீர் மூன்றும் உண்டு. இடம் போய்விடும் என்று தண்ணீர் குடிக்காமல், ஒன்றுக்குப் போகாமல் ஐந்து மணி நேரம் நிற்பது, வீடு திரும்பித் தூங்காமல் ஷிப்டுக்கு ஓடுவது... மூன்றையும் ஒரே நாளில் அடக்குகிறார்கள் நம் பிள்ளைகள்!

கச்சேரிக்கு மறுநாள் லீவு போடுங்கள். அன்றைக்கு ஹெட்போன், மிக்ஸி, தறி எதுவும் வேண்டாம். கச்சேரியில் ஸ்பீக்கர் பெட்டிக்கு நேர் எதிரே நிற்காமல் பின்னால் தள்ளி நில்லுங்கள். நடுவில் பத்து நிமிஷம் வெளியே வந்து காற்று வாங்குங்கள். சின்னக் குழந்தைகளை அழைத்துப்போனால் காதை மூடும் இயர்மஃப் கட்டாயம். இரைச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் காதுப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு காது திடீரென்று அடைத்து, கேட்காமலே போனால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடுங்கள். கைவைத்தியம் பார்த்து ஒரு வாரத்தைப் போக்கினால், பிறகு எந்த மருந்தும் அவ்வளவாகப் பிடிக்காது.

கடைசியாக, காதுக்கு அடைப்பான். பஞ்சு உதவாது. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் மலிவுதான். அதை விரலால் உருட்டி ஒல்லியாக்கி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு உள்ளே செருகி, அது விரியும் வரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாட்டு கேட்காமல் போய்விடுமோ என்று பயப்படாதீர்கள், சத்தம் குறையுமே தவிரப் பாட்டு நன்றாகவே கேட்கும். பையில் இரண்டு ஜோடி போட்டு அனுப்புங்கள். கூட வருகிற நண்பன் கொண்டுவந்திருக்க மாட்டான்.