சட்டச் சொல்லுக்குப் பொருள் சொல்வது யார்?

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டு, குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் காலத்தில் தொடங்கப்பட்ட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய தூய காற்றுச் சட்டத்தின் பொதுவான சொற்களுக்கு விதிகளால் உருவம் கொடுத்து, ஆலைப் புகைக்கு வரம்பு கட்டி வந்தது. சட்டச் சொல் தெளிவற்றிருக்கும்போது முகமையின் நியாயமான விளக்கத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்ற நெறி 1984இல் செவ்ரான் வழக்கில் பிறந்தது. அன்று அது அப்போதைய அதிபர் ரீகனின் அரசு ஆலைகளுக்குச் சாதகமாகத் தளர்த்திய விளக்கத்தையே காத்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

பின்னர் முகமை நிலக்கரி மின்நிலையங்களின் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்த முனைந்தபோது, நிலக்கரி மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. இத்தகைய பெரும் முடிவுகளுக்குக் காங்கிரசின் தெளிவான அனுமதி தேவை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹெர்ரிங் மீன்பிடிப் படகில் ஏறும் கண்காணிப்பாளருக்குப் படகுக்காரர்தான் சம்பளம் தர வேண்டுமா என்ற வழக்கில், 2024 ஜூன் 28 அன்று செவ்ரான் நெறியே கைவிடப்பட்டது.

மக்கள் தேர்ந்தெடுக்காத அதிகாரிகள் சட்டம் இயற்றலாகாது என்ற வாதம் வலுவானதே. ஆனால், நச்சுப் புகை பற்றிய சொல்லின் பொருளைத் துறை வல்லுநரிடமிருந்து எடுத்து, மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதிகளிடமே ஒப்படைப்பது அதற்குத் தீர்வாகாது.