பந்து வீசும் பிள்ளைகளும் தேர்வு முகாம்களும்

புனேயில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் கிரிக்கெட் 'டிரையல்ஸ்' பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அமெரிக்காவில் குடியேறிய நம் உறவினர் வீடுகளில் அதற்கு இணையானது பேஸ்பால் 'ஷோகேஸ்'. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒரு மைதானத்தில் கூடுவார்கள். பிட்சர், அதாவது பந்து வீசுபவர், சில நிமிடங்கள் வீசிக் காட்டுவார். ரேடார் கருவி வேகத்தைச் சொல்லும். கல்லூரிப் பயிற்சியாளர்கள் குறித்துக்கொள்வார்கள். கட்டணமும் பயணச் செலவும் பெற்றோருடையது.

"இத்தனை பேர் போறாங்களே, நம்ம பையன் மட்டும் போகலைன்னா?" என்ற பயம் இயல்பானதே. ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே பையன் ஒரே கோடையில் நான்கு முகாம்களுக்குப் போனால், அவன் நான்கு தலையாக எண்ணப்படுகிறான். எனவே முகாம்களின் கூட்டத்தைக் கூட்டினால், வந்த பிள்ளைகளின் தொகையைவிடப் பெரிதாகவே தெரியும். 2018-19 கல்வியாண்டில் அமெரிக்கப் பள்ளிகளில் பேஸ்பால் ஆடிய மாணவர் சுமார் 4,80,000 பேர். பள்ளியில் ஆடுவோரில் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கல்லூரி அணிகளுக்குச் செல்பவர் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர்தான். வாசலில் கூட்டம் கூடினால் உள்ளே இருக்கைகள் கூடிவிடுவதில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2008-இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற போட்டிக்காக இந்தியாவில் 37,000-க்கும் மேற்பட்டோர் பந்து வீசிப் பார்த்தனர். உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் தேறி, அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்தனர். தினேஷ் 2010-இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு கீழ்நிலை லீக்குகளில் முன்னேறினார். பிறகு முழங்கைக் காயமும் அறுவை சிகிச்சையும் குறுக்கிட்டன. 2018-இல் அவர் மல்யுத்தத்துக்கு மாறினார்.

முகாம் காட்டுவது அன்றைய வேகம். கை எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை ரேடார் சொல்லாது. ஓய்வெடுக்க வேண்டிய காலத்திலும் வேகம் காட்டுவதற்காக முழு பலத்தோடு வீசுவது முழங்கைத் தசைநார் பழுதாகும் அபாயத்தைக் கூட்டும். 17, 18 வயதினர் ஒரு நாளில் 105 பந்துகளுக்கு மேல் வீசக்கூடாது, 80-ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு வேண்டும் என்று அமெரிக்க பேஸ்பாலின் 'பிட்ச் ஸ்மார்ட்' விதிகள் கூறுகின்றன. ஆண்டில் நான்கு மாதமாவது போட்டியில் வீசாமல் இருக்கவும் அறிவுறுத்துகின்றன.

முகாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1987-இல் சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையத்துக்கு வேகப்பந்து வீச்சாளராகும் ஆசையோடு வந்த சச்சின் டெண்டுல்கரை, பேட்டிங்கில் கவனம் செலுத்தும்படி டென்னிஸ் லில்லி திருப்பி அனுப்பினார். நல்ல பயிற்சியாளரின் கண்ணில் படுவதால் இப்படியும் வழி பிறக்கும்.

ஆகவே, அமெரிக்காவில் ஷோகேஸ் ஆனாலும் இங்கே டிரையல்ஸ் ஆனாலும், பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். தேர்வு செய்யும் அதிகாரம் உள்ளவர் யாராவது வருகிறாரா? பையன் அதற்கு முந்தைய வாரம் எவ்வளவு வீசியிருக்கிறான்? கையில் வலி இருந்தால் நம்மிடம் தைரியமாகச் சொல்வானா? மூன்றாவதற்கு "ஆமாம்" என்ற பதில் வராத வீட்டில், முகாமுக்குப் போவதற்கு முன் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.