மடக்கு சைக்கிளும் மாணிக்கப் பரலும்

மெல்பேர்ன் டிராம்களில் சாதாரண சைக்கிளை ஏற்ற முடியாது; மடக்கு சைக்கிளைக் கொண்டு போகலாம். சிட்னி ரயில்களிலும் அது இடைஞ்சல் தருவதில்லை. இதனால் பிராம்ப்டன், டாஹோன் போன்றவற்றுக்குப் பழைய நிலையிலும் நல்ல கிராக்கி உண்டு. ஆனால் நமக்குள்ள வசதி திருடனுக்கும் உண்டு: மடக்கினால் கார் டிக்கிக்குள் அடங்கிவிடும்.

"காசு கொடுத்து வாங்கினேன், ஆகவே என்னுடையது" என்பது களவுப் பொருள் விஷயத்தில் செல்லாது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க முடியாது என்பதே சட்டத்தின் அடிப்படை. இங்கிலாந்தில் ஒரு விநோத விதிவிலக்கு இருந்தது. லண்டன் பெர்மாண்ட்சி போன்ற சந்தைகளில் சூரியோதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையே நல்லெண்ணத்துடன் வாங்கிய களவுப் பொருள் வாங்கியவருக்கே சொந்தமானது. 1995இல் அதுவும் ஒழிந்தது. நியூ சவுத் வேல்ஸில் இன்னொரு ஆபத்தும் உண்டு. களவுப் பொருள் என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ஒன்றை வைத்திருப்பதே, 1900ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 527சி பிரிவின்படி குற்றம். சந்தேகிக்கத் தமக்குக் காரணம் இருக்கவில்லை என்று வாங்கியவர்தான் காட்ட வேண்டும். நம்ப முடியாத மலிவு விலையே ஒரு காரணம்தானே!

கார் வாங்குபவர் 2012இல் தொடங்கிய பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் திருட்டு விவரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். சைக்கிளுக்கு அந்த வசதி இல்லை. ஊரில் நாம் கண்ட சைக்கிள் வில்லையோ உரிமத் தகடோ இங்கு கிடையாது. எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி, சட்டத்தில் உள்ள தொடர் எண்.

சிலப்பதிகாரத்தில் இரு சிலம்புகளும் வெளியே ஒன்றுபோலவே இருந்தன. உள்ளிருந்த பரல் முத்தா, மாணிக்கமா என்பதே வழக்கைத் தீர்த்தது. ஆனால் கோவலன் கொலையுண்ட பிறகே அதை உடைத்துப் பார்த்தார்கள். நாம் பணம் கைமாறும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பல சைக்கிள்களில் இந்த எண், பெடல் அச்சு செல்லும் குழாயின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். பிராம்ப்டனில் பின்சட்டத்தில் காணலாம். எண் சுரண்டப்பட்டிருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் எண்ணின் படத்தை முன்கூட்டியே கேளுங்கள். அதை 2013 முதல் இயங்கும் பைக் இண்டெக்ஸ் என்ற இலவச இணையப் பதிவேட்டில் தேடுங்கள். அங்கே இல்லை என்பதாலேயே சைக்கிள் சுத்தமானது என்றாகிவிடாது. பறிகொடுத்தவர் பதிவு செய்யாமல் இருந்திருக்கலாம்.

ஆகவே ஆளையும் விசாரிக்க வேண்டும். வாங்கிய ரசீது இருக்கிறதா, அதிலுள்ள எண் பொருந்துகிறதா, மடக்கும் விதத்தைத் தடுமாறாமல் காட்டுகிறாரா, தம் வீட்டில் சந்திக்கச் சம்மதிக்கிறாரா என்று பாருங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். பெயர், முகவரி, தொடர் எண் ஆகியவற்றுடன் இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் போதும், பிற்பாடு உதவும். உரிமம் பெற்ற பழம்பொருள் கடையில் வாங்கினால் விலை சற்றுக் கூடும். ஆனால் விற்றவரின் அடையாளத்தைப் பதிந்து வைக்கும் கடமை அக்கடைக்கு உண்டு.

எண் களவுப் பட்டியலில் அகப்பட்டால் விற்பவருடன் வாதாட வேண்டாம். விலகி வந்து, அவசரமல்லாத காவல்துறை அழைப்புகளுக்கான 131 444க்குச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்து வாங்கிவிட்டால், அன்றே அந்த எண்ணை உங்கள் பெயரில் பதிவு செய்துவிடுங்கள். நாளை உங்களுடையதே களவு போனால், அடுத்து வாங்க வருபவருக்கு உண்மை தெரிய அதுவே வழி.