இதயம் களைத்துப் போனால்... கைகொடுக்கும் இயந்திரங்கள்

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் திடீரென்று நின்றுவிட்டால் வீடு என்ன பாடுபடும் என்பது நமக்குத் தெரியும். கிணற்றில் தண்ணீர் இருக்கும், குழாய்களும் சரியாகவே இருக்கும். ஆனால் சமையலறையில் ஒரு சொட்டு வராது! நம் உடம்பில் இந்த மோட்டார் வேலையைச் செய்வது இதயம். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அது இறைக்கிறது.

மாரடைப்பில் இதயத் தசையின் பெரும்பகுதி அடிபட்டுவிட்டால், அந்த வலு போய்விடும். ரத்த அழுத்தம் சரியும், கை கால் சில்லிடும், சிறுநீர் குறையும், நினைவு தடுமாறும். இதைத்தான் டாக்டர்கள் 'கார்டியோஜெனிக் ஷாக்' என்கிறார்கள். கெட்ட செய்தி கேட்டு வரும் அதிர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். இது இதயத்தின் சோர்வு. மாரடைப்பு வந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இந்த நிலை வருகிறது. இன்றைய சிகிச்சைகள் எல்லாம் இருந்தும், அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரைக் காப்பாற்ற முடிவதில்லை.

கையெழுத்துக் கேட்டார்கள்

என் நாத்தனாருக்கு 54 வயது. போன ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை அவருக்குத் தாடையும் முதுகும் வலித்தன, வேர்த்துக் கொட்டியது. "வாயுப் பிடிப்புதான்டி, பெருங்காயம் போட்டு மோர் கொண்டா" என்றாராம் மகளிடம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம். அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். ஆனாலும் ரத்த அழுத்தம் ஏறவில்லை.

டாக்டரம்மா எங்களை அழைத்து உட்கார வைத்துச் சொன்னார்: "அடைப்பை எடுத்துட்டோம்மா. ஆனா இதயம் இன்னும் எழுந்திருக்கலை. மருந்தை மட்டும் கூட்டிக்கிட்டே போனா, களைச்ச மாட்டைச் சாட்டையால அடிச்ச மாதிரிதான். சின்ன பம்ப் ஒண்ணு வெச்சு, நாலைஞ்சு நாள் அதுக்கு ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம்."

"பம்ப் வெச்சா பிழைச்சுடுவாளா டாக்டர்?" என்று கேட்டார் நாத்தனாரின் கணவர்.

"உத்தரவாதம் கொடுக்க முடியாதுங்க. வாய்ப்பு கூடும். கால்ல ரத்த ஓட்டம் தடைபடலாம், ரத்தம் கசியலாம். அதையும் தெரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "போடுங்க அண்ணா" என்றேன்.

ஐ.சி.யூ.வுக்குள் ஐந்து நிமிஷம்தான் விடுவார்கள். முதல் நாள் அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது. பம்ப் போட்ட காலை அசைக்கக் கூடாது. கால் விரல் சூடாக இருக்கிறதா, நாடி துடிக்கிறதா என்று நர்ஸ் பெண் மணிக்கொரு தரம் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் கை வெதுவெதுப்பாயிற்று. ஐந்தாம் நாள் பம்பை எடுத்தார்கள். இப்போது உப்பைக் குறைத்து, மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டு, மெதுவாக நடமாடுகிறார். பழைய வலு வரவில்லை, ஆனால் இருக்கிறார்!

இந்தச் சாதனங்கள் எப்படி வந்தன?

1931-ல் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றில், நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்துக்கொண்ட ஒரு பெண்மணியின் அருகில் ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டர் இரவெல்லாம் விழித்திருந்தார். அவள் பிழைக்கவில்லை. 'ரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு சேர்த்து, திரும்ப உள்ளே அனுப்ப முடிந்தால்?' என்ற எண்ணம் அன்று அவருக்குத் தோன்றியது. அவர் மனைவி மேரியும் ஆராய்ச்சிக் கூடத்தில் கூடவே உழைத்தார். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில், அவர்கள் உருவாக்கிய இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு 18 வயதுப் பெண் ஒருத்தியின் இதய ஓட்டை அடைக்கப்பட்டது. பெண் பிழைத்தாள்.

அதன் வழியில் வந்ததுதான் 'எக்மோ'. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, நாள்கணக்கில் நுரையீரல், இதயம் இரண்டின் வேலையையும் செய்யக்கூடியது. 1975-ல் கலிபோர்னியாவில், பெற்றவள் விட்டுப்போன, மூச்சுவிடத் திணறிய பச்சிளம் குழந்தையை டாக்டர் ராபர்ட் பார்ட்லெட் இதில் வைத்துக் காப்பாற்றினார். நர்சுகள் அவளுக்கு வைத்த பெயர் எஸ்பரான்சா. ஸ்பானிஷ் மொழியில் 'நம்பிக்கை' என்று பொருள்!

இன்னொன்று பலூன் பம்ப். 1967-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் டாக்டர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் இதை முதன்முதலாக நோயாளிக்குப் பயன்படுத்தினார். தொடை ரத்தக் குழாய் வழியாகப் பெருந்தமனிக்குள் ஒரு நீளப் பலூனை வைப்பார்கள். இதயம் விரியும்போது பலூன் உப்பும், சுருங்கப்போகும்போது வற்றும். இதயத்தின் சுமை கொஞ்சம் குறையும்.

என் நாத்தனாருக்கு வைத்தது மூன்றாவது வகை, 'இம்பெல்லா'. மெல்லிய குழாயின் நுனியில் குட்டி பம்ப். அதுவும் தொடை வழியாகப் போய், இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சிப் பெருந்தமனியில் விடுகிறது.

இயந்திரம் இருந்தால் போதுமா?

போதாது, சகோதரிகளே! ஜெர்மனியில் 600 நோயாளிகளிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், பலூன் பம்ப் வைத்ததால் 30 நாளில் மரணம் குறையவில்லை. 2023-ல் வந்த ஆய்வில், எக்மோவை எல்லோருக்கும் முன்கூட்டியே வைத்ததிலும் மரணம் குறையவில்லை. ரத்தக் கசிவுதான் கூடியது. 2024-ல் டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் நாடுகளில் 355 பேரிடம் நடந்த இம்பெல்லா ஆய்வு ஆறுதல் தந்தது. 180 நாட்களில் மரணம் நூற்றுக்கு 58.5 என்பதிலிருந்து 45.8 ஆகக் குறைந்தது. ஆனால் அவர்கள் பெரிய மாரடைப்பு வந்தவர்களில், பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். அவர்களிலும் ரத்தக் கசிவு, கால், சிறுநீரகத் தொல்லைகள் கூடின. இயந்திரம் வியாதியைக் குணப்படுத்தாது. இதயம் தேறும்வரை தாங்கிப் பிடிக்கும் ஊன்றுகோல், அவ்வளவுதான்.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் தயங்காமல் கேளுங்கள்:

1. ரத்தக்குழாய் அடைப்பை நீக்கியாயிற்றா?

2. இவருக்கு எந்தச் சாதனம், ஏன்?

3. எத்தனை நாள்? அதற்குள் இதயம் தேறாவிட்டால் அடுத்து என்ன?

4. என்ன ஆபத்து? செலவு எவ்வளவு? இன்ஷூரன்சில் எவ்வளவு கிடைக்கும்?

இளம் தாய்மார்களுக்கு...

பிரசவத்துக்கு முந்தின மாதத்திலிருந்து பிந்திய ஐந்து மாதம்வரை சிலருக்கு இதயத் தசை பலவீனமாகலாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, இரவில் இருமல், கால் வீக்கம் திடீரென்று கூடுவது - இவற்றை 'பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள். முற்றினால் இதே ஷாக்கில் கொண்டுபோய் விடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலருக்கு இதயம் நன்றாகத் தேறிவிடுகிறது.

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது மட்டும் அல்ல. பெண்களுக்கு நெஞ்சு அழுத்தத்தோடு, அல்லது அது இல்லாமலேயே, தாடை வலி, முதுகு வலி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, மூச்சிரைப்பு என்றும் வரலாம். 'சமையலை முடிச்சுட்டுப் பார்த்துக்கலாம்', 'பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகட்டும்' என்று தள்ளிப்போடுவது நம் வழக்கம். அடைப்போடு கழியும் ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். நேரத்தில் போய்ச் சேர்ந்தால், இத்தனை இயந்திரங்களில் ஒன்றுகூடத் தேவைப்படாமலே வீடு திரும்பலாம்.