சொல்லுக்கு முகம் தந்த மணியம்

பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச்சிற்பக் கூடங்களுக்குச் சென்று வருபவர்கள் பெரும்பாலும் உளியோசையை நினைவில் கொண்டு திரும்புவர். என் மனத்தில் நின்றதோ உளிக்கு முந்தைய ஒரு செயல். ஒரே கட்டையில் உருவம் செதுக்கும் சிற்பி, முதலில் அவ்வுருவைக் கோடாக வரைந்துகொள்கிறார். கோடு சரியாக அமைந்தால்தான் சிற்பம் சரியாக அமையும். ஆனால், வேலை முடிந்த பின் கோடு எஞ்சுவதில்லை. உளி அதை உண்டுவிடுகிறது.

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு கைத்தொழிலுக்கு அரசும் சட்டமும் அளித்த அங்கீகாரம் அது. தமிழ் வாசிப்பு வரலாற்றிலோ, கோடு வரைந்து கொடுத்துவிட்டு மறைந்து நிற்கும் கலைஞர்கள் பலர் உண்டு. அவர்களில் முதன்மையானவர் ஓவியர் மணியம்.

அரும்பாவூருக்குத் தென்கிழக்கே, அரியலூர் மாவட்டத்தில் கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும் உள்ளன. சோழர்களுக்குத் துணைநின்ற பழுவேட்டரையர்களின் ஊர்கள் இவை. அவர்களது காலக் கோயில்களும் கல்வெட்டுகளும் இன்றும் அங்கே இருக்கின்றன. ஆனால், பழுவேட்டரையர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது கல்வெட்டு அன்று. தழும்பேறிய, முதுமையிலும் தளராத ஒரு வீரரின் உருவம். அவ்வுருவைச் சொல்லால் தந்தவர் கல்கி. கண்ணால் காணத் தந்தவர் மணியம்.

1924-இல் பிறந்த அவரது இயற்பெயர் சுப்பிரமணியம். சென்னைக் கலைப் பள்ளியில் ஓவியம் பயின்றார். மெரினா கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்பள்ளியின் முதல்வராக இருந்த காலம் அது. பயிற்சிக்குப் பின் ‘கல்கி’ இதழில் சேர்ந்தார். கல்கி தம் வரலாற்று நாவல்களுக்காக மேற்கொண்ட பயணங்களில் இந்த இளைஞரையும் அழைத்துச் சென்றார். அஜந்தா, எல்லோரா, இலங்கை எனப் பல இடங்களை எழுத்தாளரும் ஓவியரும் சேர்ந்தே பார்த்தனர். வார இதழ் ஒன்றின் ஓவியரைக் கள ஆய்வுக்கு அழைத்துச் செல்வது அன்றைக்கு எளிய செலவன்று. படம் என்பது பக்கத்தை நிரப்பும் அலங்காரம் அல்ல, கதையின் ஒரு பகுதி என்று கல்கி கருதியதற்கு அதுவே சான்று.

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை மூன்றரை ஆண்டுகள் தொடராக வெளிவந்தது. வாரந்தோறும் அத்தியாயம் வரும். வாரந்தோறும் படம் வர வேண்டும். மணியத்தின் முன் இருந்த சிக்கலை எண்ணிப் பார்க்க வேண்டும். குந்தவையின் முகச்சாயலை உறுதியாகச் சொல்லும் ஓவியம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. நந்தினியோ கல்கியின் கற்பனைப் பாத்திரம். 1931-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களும், செப்புத் திருமேனிகளும், கோயில் சிற்பங்களுமே ஓவியருக்குக் கிடைத்த ஆதாரங்கள். அவற்றிலிருந்து ஆடையும் அணியும் கட்டடமும் கிடைக்கும். தனி மனிதரின் முகம் கிடைக்காது.

இதற்கு அவர் கண்ட தீர்வு, சிற்பிகள் நன்கறிந்த ஒன்று. சிற்ப மரபில் தெய்வங்களின் முகங்கள் ஏறத்தாழ ஒரே அளவில் அமைபவை. எந்தத் தெய்வம் என்பதை மகுடமும், கையிலுள்ள ஆயுதமும், நிற்கும் நிலையுமே உணர்த்தும். அரும்பாவூர்ச் சிற்பி இன்றும் பின்பற்றும் இலக்கணம் இதுதான். மணியம் இதை மனிதர்களுக்குப் பொருத்தினார். குந்தவையையும் நந்தினியையும் கொண்டையைக் கொண்டே வேறுபடுத்தி அறியலாம். மற்றவர்களையும் நிற்கும் தோரணை, மீசை, அணிகலன் ஆகியவற்றால் அடையாளம் காணலாம். பெயரைப் படிக்காமலே பாத்திரத்தை அறியும் வசதி வாசகருக்குக் கிடைத்தது. இடையில் ஓர் இதழைத் தவறவிட்டவரும் கதையின் இழையைப் பிடித்துக்கொள்ள இது உதவியிருக்கும்.

படம் வாசகரின் கற்பனையைக் குறுக்கிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், நடந்தது வேறு. அதே கதைக்குப் பின்னாளில் வினு, பத்மவாசன் உள்ளிட்டோர் தத்தம் பாணியில் படம் வரைந்தனர். மணியத்தின் மகன் மணியம் செல்வன் தமக்கெனத் தனி நடையை உருவாக்கிக்கொண்டார். மணிரத்னத்தின் திரைப்படங்கள் 2022-லும் 2023-லும் வெளியானபோது, நடிகர்களின் தோற்றத்தைப் பழைய ஓவியங்களோடு ஒப்பிட்டுப் பேசியவர்கள் ஏராளம். கற்பனை அடைபட்டிருந்தால் இத்தனை புதிய முகங்கள் பிறந்திரா. ஒப்பிடுவதற்கும் விலகிச் செல்வதற்கும் மணியத்தின் கோடுகள் ஓர் அடித்தளமாயின.

மணியம் 1968-இல், நாற்பத்து நான்காம் வயதில் மறைந்தார். அதன் பின் நேர்ந்ததுதான் என்னை உறுத்துகிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதனால் ‘பொன்னியின் செல்வ’னை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. படங்கள் அந்த ஏற்பாட்டில் சேரவில்லை. ஆகவே பல பதிப்புகளில் மணியம் இல்லை. எழுத்தும் படமும் சேர்ந்து வாசகரிடம் வந்த ஒரு படைப்பு, இப்போது பாதியாகவே புதிய தலைமுறையைச் சேர்கிறது.

படைப்பாளி மறைந்து 60 ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கும் என்பது இந்தியச் சட்டம். அந்தக் கணக்கில் மணியத்தின் ஓவியங்கள் 2028-ஆம் ஆண்டு முடிவில் பொதுவுடைமையாகும். ஆனால், உரிமை கிடைக்கும்போது ஓவியம் நல்ல நிலையில் இருக்குமா? செய்தித்தாள் தரத்துக் காகிதத்தில் அச்சான பக்கங்கள் எழுபது ஆண்டுகளைக் கடந்து பழுத்து நொறுங்கும் நிலையில் உள்ளன. ‘கல்கி’ அச்சு இதழும் 2020-இல் நின்றுவிட்டது.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகங்கள் பழந்தமிழ் இதழ்களைக் காத்துவருகின்றன. அவற்றின் துணையோடு, இதழ் ஓவியங்களுக்கென்றே ஓவியர் பெயர், இதழ், தேதி ஆகிய குறிப்புகளுடன் ஒரு தொகுப்பை அரசு உருவாக்கலாம். மணியத்தோடு கோபுலு, சில்பி போன்றோரும் அதில் இடம்பெற வேண்டும். சோழர் வரலாறு பேசும் அருங்காட்சியகங்களில், அந்த வரலாற்றை மக்கள் மனத்தில் பதித்த ஓவியங்களுக்கும் ஒரு சுவர் ஒதுக்கலாம். படங்களோடு நூல் வெளியிடும் பதிப்பாளர்கள், ஓவியர் பெயரை எழுத்தாளர் பெயருக்கு அருகிலேயே அச்சிடலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்த தாத்தா பாட்டியர் தமிழ்நாடெங்கும் இருந்தனர். மணியத்தின் கோடுகள் இதுவரை பிழைத்திருப்பதில் அவர்களுக்கும் பங்குண்டு. உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு கட்டு இருந்தால், பழைய காகிதமென எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.