ஆறாறாய் எண்ணும் கணக்கு

கேகாலை மாவட்டத்தின் தென்பகுதியில், அவிசாவளைக்கு அப்பால் அமைந்துள்ள ஊர் தெஹியோவிட்ட. தாழ்ந்த சரிவுகளில் இறப்பர், உயர்ந்த சரிவுகளில் தேயிலை, இடையிடையே லயங்கள் என்று விரியும் தோட்டப்புறம் அது. இத்தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். காலையில் பிரட்டுக் களத்தில் கூடி, வேலையை முடித்துத் திரும்பினால் ஒரு பேர் விழும். குறிப்பிட்ட அளவு கொழுந்து சேராவிட்டால் அரைப் பேர். இப்படி விழுந்த பேர்கள் யாவும் செக்ரோலில் ஏறி, மாத முடிவில் கூட்டப்பட்டுச் சம்பளமாகத் திரும்புகின்றன.

செக்ரோல் கணக்குப்பிள்ளையின் கையில் இருக்கிறது. உழைத்தவரின் கையில் இருப்பவை பத்து விரல்கள். மாதத்தின் முதற் பத்துப் பேர் வரை அவை தாராளமாகப் போதும். பதினோராவது பேர் விழுந்ததும் விரல்களை மடக்கிவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். முன்னே ஒரு பத்து போயிற்று என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மனம் மறக்கும், அல்லது சுவரில் கரிக்கோடு இட வேண்டும். ஒரு மாதக் கணக்கை இரு கைகளுக்குள் அடக்க வழியே இல்லையா?

வழி உண்டு. அது மிக எளிய வழி. பத்துப் பத்தாக எண்ணுவதை விட்டு ஆறாறாக எண்ணினால் போதும்.

நேயர்கள் தம் கைகளையே எடுத்துப் பார்க்கலாம். வலக்கை விரல்கள் ஒற்றைகளைக் காட்டட்டும்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறு என்றதும் வலக்கையை முழுவதும் மடக்கி, இடக்கையில் ஒரு விரலை நிமிர்த்த வேண்டும். அந்த ஒரு விரலின் மதிப்பு ஆறு. பிறகு வலக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். இடக்கையில் இரண்டு விரலும் வலக்கையில் இரண்டு விரலும் நின்றால் ஈராறு பன்னிரண்டும் இரண்டும் சேர்ந்து பதினான்கு. இடக்கையில் மூன்றும் வலக்கையில் ஐந்தும் நின்றால் இருபத்து மூன்று. இரு கைகளும் முழுவதும் விரிந்து நிற்கும்போது ஐயாறு முப்பதும் ஐந்தும், ஆக முப்பத்தைந்து. எந்த மாதத்திற்கும் முப்பத்தொரு நாளுக்கு மேல் இல்லை. ஆகவே மாதம் முழுவதும், ஒரு கோடும் இடாமல், இரு கைகளுக்குள் அடங்கிவிடுகிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. வாரத்தில் ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஞாயிறு என்பது தோட்டத்தின் பழைய ஒழுங்கு. முழு வேலை கிடைக்கும் மாதத்தில் இடக்கை விரல் ஒவ்வொன்றும் ஒரு வாரமாகவும், வலக்கை விரல் ஒவ்வொன்றும் ஒரு நாளாகவும் தாமே அமைந்துவிடும். இடக்கையில் மூன்று, வலக்கையில் நான்கு என்றால் மூன்று வாரமும் நான்கு நாளும். அதாவது இருபத்திரண்டு பேர். செக்ரோலில் இருபத்தொன்று என்று வாசிக்கப்பட்டால் ஒரு விரல் மிஞ்சி நிற்கும். அரைப் பேருக்கு விரலைப் பாதி மடக்கிக்கொள்ளலாம். தோட்ட மக்களிடையே இது வழக்கில் இருந்தது என்பதல்ல இங்கே கூறப்படுவது. தோட்ட வாழ்க்கைக்கு இத்தனை பொருந்தும் முறை வேறில்லை என்பதே.

ஒரு விரல் மிஞ்சுவது சிறு செய்தி என்று எவரும் எண்ணலாகாது. மலைநாட்டுத் தோட்ட வரலாற்றில் ‘துண்டு’ என்ற சொல் எத்தனை குடும்பங்களைக் கலங்கச் செய்தது! ஒரு தொழிலாளி வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பினால், அவர் பேரில் உள்ள கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டுக் கடிதம் வேண்டும். அந்தத் தொகையைப் புதிய தோட்டம் கட்டினால்தான் பழைய தோட்டம் விடும். புதிய இடத்தில் அதே தொகை மீண்டும் அவர் தலையில் கடனாக ஏறும். கப்பற் செலவு, அரிசி, கம்பளி, முற்பணம் என்று கங்காணியின் ஏட்டில் வளர்ந்த அந்தத் தொகை சரியா, தவறா என்று பார்க்க எழுத்தறியாதவருக்கு வழியில்லை. 1921ஆம் ஆண்டில் சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அதுவரை, ஒரு காகிதத்தில் இருந்த எண் ஒரு குடும்பத்தையே கட்டி நிறுத்த வல்லதாயிருந்தது. கணக்குத் தெரிந்தவர்க்கும் தெரியாதவர்க்கும் இருந்த வேறுபாடு அங்கே வெறும் பள்ளிக்கூட வேறுபாடாக இருக்கவில்லை.

இனி, ஆறின் அழகை விரல்களை விட்டுச் சற்று அப்பால் சென்று காணலாம்.

பத்து என்ற எண்ணுக்கு உலகில் இத்தனை செல்வாக்கு ஏற்பட்டதற்கு மனிதனுக்குப் பத்து விரல் இருப்பதைத் தவிரப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பத்தை இரண்டாலும் ஐந்தாலும் மீதியின்றி வகுக்கலாம். மூன்றால் வகுக்க இயலாது. ஆறோ இரண்டுக்கும் இடங்கொடுக்கும், மூன்றுக்கும் இடங்கொடுக்கும். அன்றாட வாழ்வில் பொருளைப் பங்கிடுவோர் இரண்டுக்கு அடுத்தபடி நாடுவது மூன்றையா, ஐந்தையா? மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு நூறு ரூபாயைப் பங்கிட்டுப் பார்த்த தாய்க்கு இதன் விடை தெரியும். முப்பத்து மூன்று ரூபாயும் முப்பத்து மூன்று சதமும் ஒவ்வொருவர்க்கும் கொடுத்த பின்னும் ஒரு சதம் மீந்து நிற்கும்.

இந்த ஒரு சதம் எப்போதும் மீந்து நின்றதில்லை. இலங்கையில் ரிக்ஸ்டாலர் வழங்கிய காலத்தில் ஒரு ரிக்ஸ்டாலருக்குப் பன்னிரண்டு பணம். ஒரு பணத்துக்கு நான்கு ஸ்டைவர். மூன்றில் ஒரு பங்கு என்றால் நான்கு பணம், மீதியில்லை. 1872ஆம் ஆண்டு முதல் இங்கே ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கு வந்தது. இந்தியாவிலோ 1957ஆம் ஆண்டு வரையில் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பை. அங்கே ஒரு ரூபாயில் மூன்றில் ஒன்று ஐந்து அணா நான்கு பை, அதிலும் மீதியில்லை. மன்னார் வழியாகவும் தலைமன்னார் வழியாகவும் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழர்கள் அணாக் கணக்கை விட்டுச் சதக் கணக்குக்கு மாறியபோது, கூட்டல் எளிதாயிற்று. மூன்றாகப் பகிர்வது அரிதாயிற்று.

தமிழின் பழைய பின்னங்களை நோக்கினால் இச்செய்தி மேலும் சுவைப்படும். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கும் வரிசை ஒன்று. இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி என்று இறங்கும் வரிசை மற்றொன்று. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் இவற்றை நெட்டுருச் செய்தனர். முந்நூற்றிருபது என்பது இரண்டையும் ஐந்தையும் மட்டுமே பெருக்கிக் கிடைப்பது. மூன்று அதனுள் இல்லை. எனவே கால், அரை போல மூன்றில் ஒன்றுக்கு வழக்கில் ஒரு தனிச்சொல் தமிழில் இல்லை. ‘மூன்றில் ஒரு பங்கு’ என்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை நுண்ணிய பின்னங்களுக்குப் பெயரிட்ட ஒரு மக்கள் இதற்குப் பெயரிடாமல் விட்டது வியப்பே. ஆனால் நெற்களத்தில் கதை வேறு. இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். கலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத் தூணி என்ற பெயரே இருக்கிறது. ஏட்டில் இல்லாத மூன்று களத்து மேட்டில் இருந்திருக்கிறது.

காலத்தை அளந்தவர்களும் ஆறை மறக்கவில்லை. தொல்காப்பியர் வழியில் ஆண்டுக்குப் பெரும்பொழுது ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதம். நாளுக்குச் சிறுபொழுதும் ஆறு என்று கொள்வர். ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகையாக நாள் முழுவதற்கும் அறுபது நாழிகை. ஆறையும் பத்தையும் இப்படி மணமுடித்து வைத்த அறுபது, பாபிலோனியர் கணக்கிலும் ஆட்சி செய்தது. இன்றும் மணிக்கூட்டின் முகத்திலிருந்து அதை இறக்க எவராலும் முடியவில்லை.

ஆறாறாய் எண்ணுவதை எழுத்தில் கொண்டுவருவது கடினமன்று. 0 முதல் 5 வரை ஆறு இலக்கங்களே வேண்டும். 10 என்று எழுதினால் அது ‘ஓர் ஆறு’. 20 என்றால் ஈராறு பன்னிரண்டு. 100 என்றால் ஆறாறு முப்பத்தாறு. இந்த நூறை மூவர்க்குப் பங்கிட்டால் ஆளுக்கு 20, ஒன்றும் மிஞ்சாது. பத்தின் கணக்கில் மூன்றில் ஒன்றைப் புள்ளியிட்டு எழுதப் புகுந்தால் 0.333 என்று முடிவில்லாமல் நீளும். ஆறின் கணக்கில் அது 0.2, ஆறில் இரண்டு என்பதே அதன் பொருள். அரை 0.3, கால் 0.13. ஐந்தில் ஒன்று மட்டும் 0.111 என்று ஓயாமல் ஓடும். மூன்றின் தொல்லையை ஐந்தின் தலையில் மாற்றி வைத்தாயிற்று என்று சொல்லலாம்; ஆனால் ஐந்தாகப் பங்கிட வேண்டிய தேவை மூன்றாகப் பங்கிட வேண்டிய தேவையைவிடக் குறைவு. ஆகவே இந்த மாற்று இலாபமானதே.

பெருக்கல் வாய்ப்பாடு இதனினும் பெரிய இலாபம். பத்தின் கணக்கில், இரண்டு முதல் ஒன்பது வரையுள்ள எண்களைத் தம்முள் பெருக்கி வரும் விடைகளில், ஒன்றையே திருப்பிச் சொல்வதைத் தள்ளினாலும், முப்பத்தாறு விடைகளை ஒரு பிள்ளை மனனம் செய்ய வேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதில் இடறாத பிள்ளை எது? ஆறின் கணக்கில் இரண்டு முதல் ஐந்து வரையுள்ள எண்களே இருப்பதால் பத்தே விடைகள். மும்மூன்று 13, மூநான்கு 20, ஐயைந்து 41 என்று ஒரு மாலைப் பொழுதில் முழு வாய்ப்பாடும் நாவில் ஏறிவிடும். ஓர் எண் மூன்றால் வகுபடுமா என்று அறியவும் இலக்கங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டாம். கடைசி இலக்கம் 0 அல்லது 3 என்றால் வகுபடும், அவ்வளவே. இரண்டையும் மூன்றையும் தவிர்த்த பகா எண்கள் யாவும் 1இலோ 5இலோதான் முடியும்.

குறையும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. எண்கள் சற்று நீளும். 1957 என்ற ஆண்டை ஆறின் கணக்கில் எழுதினால் 13021 ஆகும். நான்கு இலக்கம் ஐந்தாகிறது. ஒரு இலட்சத்திற்கு ஆறு இலக்கத்துக்குப் பதிலாக ஏழு இலக்கம் வேண்டும். நிலப் பதிவேடுகளையும் வங்கி ஏடுகளையும் இனி மாற்றி எழுதுவார் எவரும் இலர். மாற்ற வேண்டும் என்பாரும் மிகச் சிலரே.

ஆயினும் ஆறு வெறும் கற்பனைக் கணக்கன்று. நியூகினித் தீவின் தென்பகுதியில் அதைத் தாய்மொழியிலேயே பேசுவோர் உளர். அங்குள்ள நிடோம் மொழியில் ஆறுக்கு மெர், பதினெட்டுக்குத் தொந்தொர், முப்பத்தாறுக்கு நிஃப் என்று தனிப் பெயர்கள் உள்ளன. கோம்ன்சோ மொழியினர் இன்னும் மேலே செல்கின்றனர். ஆறு, ஆறாறு, ஆறாறாறு என்று அடுத்தடுத்துப் பெருக்கி, 46,656 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல் வைத்திருக்கின்றனர். பத்துக்கு, நூறுக்கு, ஆயிரத்துக்குத் தமிழில் பெயர் இருப்பதைப் போன்றதே இது. இவ்வளவு பெரிய எண்கள் அவர்களுக்கு எதற்கு? வள்ளிக்கிழங்குக்காக. அறுவடையான கிழங்கை எண்ணுவது அங்கே ஒரு சடங்கு. இருவர் எதிரெதிராக நின்று, ஆளுக்கு மூன்று கிழங்காகச் சேர்ந்து எடுத்து வைப்பர். ஒரு முறைக்கு ஆறு. அவ்வாறு ஆறு முறை வைத்தால் முப்பத்தாறு. ஊரார் பார்த்திருக்க, உரத்த குரலில், இருவர் சேர்ந்து எண்ணும் எண்ணிக்கையில் ஒருவர் மட்டும் ஏமாற்றுவது எளிதன்று.

தமிழில் ‘ஆறு’ என்ற சொல் எண்ணுக்கும் பெயர், ஓடும் நீருக்கும் பெயர், வழிக்கும் பெயர். தெஹியோவிட்டப் பகுதியில் சீதாவாக்கை ஆறு ஓடும் பள்ளத்தாக்கின் மேலே, லயத்து வாசலில் அமர்ந்து, மாதச் சம்பளச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு இரு கைகளையும் விரித்து எண்ணிப் பார்க்கும் ஒருவர்க்கு முப்பத்தைந்து வரையில் தம் விரல்களே போதும். வீட்டில் இருவர் உழைத்து, இருவர் பேரையும் சேர்த்துக் கூட்ட நேர்ந்தால்தான் முப்பத்தாறு வரும். அதைக் காட்ட இன்னொருவர் ஒரு விரலை நீட்ட வேண்டும்.